உறைபனிக்கு முந்தைய தக்காளி

அமெரிக்காவின் வட மாநிலங்களில் வீட்டுத் தோட்டத் தக்காளி ஆகஸ்டில் பழுத்துக் குவியும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கடும் உறைபனி விழுந்தால் செடி ஒரே இரவில் கருகிவிடும். அதற்குமுன் காய்களைப் பறித்துவிட வேண்டும். முற்றிய காய் எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தானே பழுக்கும், வெயில் தேவையில்லை. வாழைப்பழம் ஒன்றையும் சேர்த்து அட்டைப்பெட்டியில், 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்தால் இன்னும் விரைவு. செடியிலேயே பழுத்ததன் இனிப்பு முழுமையாக வராது. ஆனாலும் கடைப்பழத்தைவிட மேல். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது. குளிரில் மணம் தரும் சேர்மங்கள் உருவாவது குன்றும். அந்த மணம்தானே தக்காளியின் உயிர்! பழுத்ததை அரிந்து, உப்புத் தூவி, ரொட்டிக்கு நடுவே வைத்து அன்றே உண்பது நல்லது. பழுக்காத பச்சைக் காய்களை, தென் மாநிலங்களில் பேர்பெற்ற முறைப்படி, வில்லைகளாக்கி மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிக்கலாம்; புளிப்பும் மொறுமொறுப்புமாக அது தனி ருசி.