வழியும் வாழ்வும்

தமிழில் ‘வழி’ என்னும் சொல் பல பொருள் தருவது. நடக்கும் பாதையும் வழியே. ஒன்றைச் செய்து முடிக்கும் முறையும் வழியே. ‘வழிவழியாக’ என்னுமிடத்துத் தலைமுறைத் தொடர்ச்சியும் வழியே. புதிய சாலைக்குத் தடம் தேர்வோர் இம்மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற்பொருளை மட்டும் கொண்டு ஏனையவற்றை மறப்பின் என்ன நேரும் என்பதற்குச் சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் தக்க சான்றாகும்.

2018-இல் அறிவிக்கப்பட்ட இச்சாலையின் நீளம் சுமார் 277 கி.மீ.; மதிப்பீடு ஏறத்தாழ ரூ. 10,000 கோடி. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் ஊடே இது வகுக்கப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும் கிருஷ்ணகிரி வழியாகவும் சேலத்திற்கு நெடுஞ்சாலைகள் ஏற்கெனவே உள்ளன. புதிய தடத்தால் பயணத் தொலைவு ஏறத்தாழ 60 கி.மீ. குறையும் என்பதே கூறப்பட்ட பெருங்காரணம்.

‘பசுமைவழிச் சாலை’ என்ற பெயரும் இதற்கு வழங்கிற்று. ‘கிரீன்ஃபீல்டு’ என்னும் கலைச்சொல், முன்னர்ச் சாலையே இல்லாத நிலத்தில் புதிதாக அமைப்பதைக் குறிக்கும். பசுமையைக் காத்தல் என்னும் பொருள் அதில் இல்லை. பழைய சாலையை அகலப்படுத்தின் அதன் ஓரத்து நிலம் போகும். புதிய தடமோ வயலையும் காட்டையும் நடுவே பிளக்கும்.

இம்மாவட்டங்களில் கிணற்றுப் பாசனத்தையே நம்பி வாழும் உழவர் மிகப் பலர். வயல் ஒருபுறமும் கிணறு மறுபுறமுமாகப் பிரிந்தால், எஞ்சிய நிலமும் பயனற்றுப் போகும். நிலத்திற்கு இழப்பீடு தரலாம்; ஊற்றுக்கண் உள்ள கிணற்றை நினைத்த இடத்தில் பெற இயலுமா? உயர்ந்த சாலைக்கரை, போதிய மதகுகள் இன்றேல், ஏரிக்கு நீர் வரும் வரத்துக்காலை மறிக்கும். காப்புக்காட்டை ஊடறுப்பின் விலங்குகளின் நடமாட்டமும் தடைப்படும்.

சட்டம் கூறுவது யாது? 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலம் எடுக்கும் அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் நிலத்தில் உரிமையுடையோர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடோ, நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்குக் கட்டாயமன்று. எனவே கோடு வரைந்த பின்னரே மக்கள் குரல் கேட்கப்படுகிறது. சென்னை உயர்நீதிமன்றம் 8-4-2019 அன்று இத்திட்டத்தின் நில எடுப்பு நடவடிக்கைகளை இரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் 8-12-2020 அன்று, அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டியதில்லை, பணி தொடங்குமுன் பெறல் வேண்டும் எனத் தீர்ப்பளித்து அறிவிக்கைகளை ஏற்றது; ஆயினும் வருவாய்ப் பதிவேடுகளில் நில உரிமையாளர் பெயரை மாற்றியதை ஏற்கவில்லை.

சாலையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நோயாளி விரைந்து மருத்துவமனை சேரவும், விளைபொருள் வாடாமல் சந்தை சேரவும் நல்ல சாலை தேவை. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஒருவர் நட்ட மரத்தின் பயனைப் பறவை உண்டாலும் அது அவருக்குத் தருமம் ஆகும் என்று மொழிந்தவர்களும் அவர்களே. பாதையைப் பேணுவதும் மரத்தைப் பேணுவதும் ஒரே நெறியின் இரு பக்கங்கள்.

அவ்விரண்டையும் இணைப்பது கலந்தாலோசனை. திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ என அதன் பெயராலேயே வழங்குகிறது. முடிவு செய்த பின்னர்க் கருத்துக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது. மாற்றுத் தடங்கள் எவை, ஒவ்வொன்றாலும் யார் யார் எவற்றை இழப்பர் என்பவற்றை ஊரார் முன் வைத்து, அதன் பின்னரே கோடு வரைதல் முறையாகும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் ஊருக்கும் ஒரு புறவழிச்சாலை வரலாம். நில எடுப்பு அறிவிக்கையின் சாரம் வட்டார மொழி நாளிதழிலும் வெளியிடப்படும். அதனைப் படித்து, எழுத்தறியாத பெரியவருக்கு விளக்கி, 21 நாள் கழியுமுன் அவர் சார்பில் மனு எழுதிக் கொடுங்கள். கற்ற தமிழ் அங்கே பயன்படட்டும்.