மாடிக்குப் போகாத சிக்னல்

சிங்காரப்பேட்டையில் வயரிங் வேலை செய்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் கேட்டார்: "அண்ணே, கீழே அழுத்தினா மாடி லைட் ஏன் எரியல?"

அவர் வீட்டில் இருப்பது கரண்ட் கம்பியிலேயே கட்டளை அனுப்பும் எக்ஸ்10 கருவி. இந்த முறையை 1975இல் ஸ்காட்லாந்தின் பைக்கோ நிறுவனம் உருவாக்கியது. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேல் 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஏறிப் போகும். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் வேறு மீட்டர், வேறு பேஸ் என்றால், அது தெரு டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும், வழியிலேயே தேய்ந்துவிடும்.

ஒரே மீட்டரில் மூன்று பேஸ் இருந்தால், கப்பாசிட்டர் உள்ள கப்ளர் சிக்னலைக் கடத்திவிடும். இரண்டு மீட்டர்களைக் கம்பியால் இணைக்கவே கூடாது: ஒன்றின் பியூஸைப் பிடுங்கினாலும் மற்றதன் மின்சாரம் ஆளைக் கொல்லும். அங்கே ரேடியோ அலையில் பேசும் கருவியே சரி. அதையும் உரிமம் பெற்றவரைக் கொண்டே பொருத்துங்கள்.