யன்னலோரத்தில் ஒரு கட்லேயா

கட்லேயா ஓர்க்கிட் பூ ஒன்று முழுதாக விரிந்தால் உங்கள் உள்ளங்கை அதன் பின்னால் மறைந்துவிடும். பெரிய வகைகளில் பூவின் அகலம் 15 சென்ரிமீற்றரைத் தாண்டும். அதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். வில்லியம் சுவைன்சன் பிரேசிலிலிருந்து அனுப்பிய செடி, 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கட்லி என்பவரின் கண்ணாடி வீட்டில் பூத்தது. தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி 1821இல் கட்லியின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்தச் செடி திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன வீட்டுக்குள் வளருமா, பிள்ளைகளே? வளரும். அது வாழும் முறையை விளங்கிக்கொண்டால் போதும்.

கட்லேயாவுக்கு மண் வேண்டாம். காட்டில் அது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும். ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சாது. எங்கள் உலர் வலய மரங்களில் ஒட்டி வளரும் வாண்டா ஓர்க்கிட்டும் அப்படித்தான். காய்ந்திருக்கும் கட்லேயா வேர் ஒன்றின்மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்த வேர் கண்முன்னே பச்சையாகும்! வேரைச் சுற்றியிருப்பவை உயிரற்ற வெற்றுக் கலங்கள். காய்ந்தபோது அவற்றுக்குள் காற்று இருக்கும், அதனால் வெள்ளை. நீர் நிரம்பியதும் ஒளி ஊடுருவும். உள்ளேயுள்ள பச்சையம் தெரியும். வேரே ஒளித்தொகுப்புச் செய்கிறது!

ஆகவே துளைகள் உள்ள மண் சாடியில் கரி, ஓட்டுத்துண்டு, பொச்சுத்துண்டு போட்டு நடுங்கள். காற்றுப் புகாவிட்டால் வேர் அழுகிவிடும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். உப்பு இந்த வேர்களுக்கு ஆகாது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் நல்லது.

கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். கட்லேயா இரவில்தான் திறக்கும். எடுத்த வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் வெயில் வந்ததும் உணவாக்கும். தண்டும் தடித்திருப்பதால் அதற்குள் நீர் இருப்பில் இருக்கும். சாடி காய்ந்த பிறகு, காலையில் ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும்.

வெளிச்சத்தை இலையே சொல்லும். இலை கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதாது, பூக்காது. இளம்பச்சை என்றால் சரி. தொட்டுப் பார்த்துச் சுட்டால் யன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

இடப்பிரச்சினை இனித்தான். இந்தச் செடி ஒரே திசையில் நடக்கும்! புதுத் தண்டு எப்போதும் பழையதற்கு முன்னால்தான் முளைக்கும். அதனால் பழைய பக்கத்தைச் சாடியின் விளிம்போடு ஒட்டி வைத்து, முன்பக்கம் வெற்றிடம் விட வேண்டும். நடுவில் நட்டால் பாதிச் சாடி வீண்.

அப்படியும் பெரிய கட்லேயா அரை மீற்றர் உயரம் வரும். சிறிய செடியில் பெரிய பூ வேண்டுமானால் கலப்பினம் உண்டாக்க வேண்டும். கட்லேயாவின் முதல் கலப்பினம் 1859இல் பூத்தது. இங்கிலாந்தின் வீச் நாற்றுமேடையில் அதை உருவாக்கியவர் ஜோன் டொமினி என்னும் தோட்டக்காரர். பிற்காலத்தில் கட்லேயா கொக்சினியா என்ற குட்டிச் சிவப்பு வகையைப் பலரும் பெற்றோராக எடுத்தார்கள். ஆனால் அது குளிர்ந்த மலைக்காட்டுச் செடி. எங்கள் வெக்கைக்கு ஒத்துவராது. நான் தேர்ந்தெடுப்பது கட்லேயா வாக்கெரியானாவை. அதுவும் குட்டைதான், பூவோ பெரிது. நீண்ட வறட்சிக் காலமுள்ள நடுப் பிரேசிலில் வளர்வது.

கலப்பினம் உண்டாக்க, முதலில் ஒரு செடியின் பூவை எடுங்கள். அதன் நடுத்தம்பத்து நுனியில் உள்ள மூடியைப் பல்குச்சியால் நீக்கினால் மஞ்சள் நிற மெழுகுத் துண்டுகள் நான்கு ஒட்டிக்கொண்டு வரும். மகரந்தம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. மற்றச் செடியின் பூவில், தம்பத்துக்கு அடியில் உள்ள பசைக்குழியில் அவற்றை வையுங்கள். சில நாளில் பூ வாடும், காம்பு பருக்கும். காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம்.

ஒரு காய்க்குள் இலட்சக்கணக்கில் தூள் போன்ற விதைகள். ஆனால் கட்டுச்சோறு இல்லாமல் பயணம் புறப்பட்ட பிள்ளை மாதிரி, எதற்குள்ளும் போதிய உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒரு பங்கசுதான் அவற்றுக்கு உணவூட்டும். பிரான்சில் நோயல் பெர்னார் இதை 1899இல் கண்டுபிடித்தார். பங்கசு இல்லாமலே, சீனியும் உப்புக்களும் கலந்த ஏகர் களியில் விதைகளை முளைக்க வைக்கும் வழியை அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். இன்றும் கிருமி நீக்கிய போத்தலுக்குள் அப்படித்தான் விதைக்கிறார்கள். ஒரே போத்தலுக்குள் ஒரு நாற்றுமேடையே அடங்கிவிடும்.

போத்தலில் தாய்ச்செடி எது, மகரந்தம் தந்தது எது, எந்தத் திகதி என்று அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள். விதைத்த பிறகு பூக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். இப்போது தரம் 5இல் இருப்பவர் அந்தப் பூவைப் பார்க்கும்போது உயர்தரம் படித்துக்கொண்டிருக்கலாம்.