விரிய மறந்த குழாய்

முழங்கைக்குக் கீழே ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, ஐந்து நிமிடம் நன்றாக இறுக்கி வைத்துவிட்டுச் சட்டென்று தளர்த்துகிறார்கள். தடைபட்டிருந்த ரத்தம் பாய்ந்து வருகிறது. அந்தப் பாய்ச்சலுக்கு இடம்கொடுத்து மேல்கைத் தமனி சற்றே அகலமாகிறது. எவ்வளவு அகலமாகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளக்கிறார்கள். சோதனை இவ்வளவுதான். ஆனால், நெஞ்சைத் தொடாமலே இதயத் தமனிகளின் போக்கை ஓரளவு ஊகிக்க இது உதவுகிறது. விரிய மறந்த தமனி கையில் இருந்தால், இதயத்திலும் பெரும்பாலும் அதே கதைதான்.

விரிவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இதயத் தசைக்கு ஒரு நெருக்கடி உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தன்னிடம் வரும் ரத்தத்தின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அது எடுத்துக்கொண்டுவிடுகிறது. மாடி ஏறும்போது மேலும் எடுக்கலாம் என்றால் மிச்சம் அதிகம் இல்லை. ரத்தமே கூடுதலாக வந்தாக வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஓடிய இடத்தில் நான்கு மடங்கு ஓட வேண்டியிருக்கும். தமனிகளும் அவற்றின் நுண்கிளைகளும் விரிந்தால்தான் அது நடக்கும். நாமோ இதய நோய் என்றாலே ‘எத்தனை அடைப்பு’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆஞ்சியோகிராம் படத்தில் அடைப்பு தெரியும். விரியும் திறன் போய்விட்டது தெரியாது.

அந்தத் திறன் எங்கே இருக்கிறது என்பது ஒரு தவறிலிருந்து தெரியவந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயல் தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர் ஒருவர் செய்முறையின் வரிசையை மாற்றிவிட, வழக்கமாகச் சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வெட்டும்போது உட்பக்கம் உரசப்பட்ட துண்டுகள் சுருங்கின. உட்படலம் சிதையாத துண்டுகள் தளர்ந்தன. ஒற்றைச் செல் கனமே உள்ள அந்தப் படலம்தான் தசைக்குத் ‘தளர்ந்துகொள்’ என்று சொல்லி அனுப்புகிறது. 1980இல் அவர் இதை வெளியிட்டார். சேதி கொண்டுபோவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட் உட்பட மூவருக்கு நோபல் பரிசு.

நாள்பட்ட தொற்று கைவைப்பது இந்தப் படலத்தில்தான். உடம்பின் ஏதோ ஒரு மூலையில் கிருமி குடியிருந்தால், எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை ரத்தத்தோடு ஊர் சுற்றி இதயத் தமனிகளுக்கும் வருகின்றன. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைகிறது. உண்டாகிற கொஞ்சத்தையும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழிக்கின்றன. வழுவழுப்பாக இருந்த உட்படலம் பசைபோல் ஆகி வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. ரத்தமும் உறையும் தன்மை கூடியதாக மாறுகிறது. 1986இல் பாஸ்டன் மருத்துவர்கள், தமனிகளை விரிக்கக்கூடிய அசிட்டைல்கோலினை நோயாளிகளின் இதயத் தமனிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனி விரிந்தது; கொழுப்புப் படிவு கண்ட தமனி நேர்மாறாகச் சுருங்கியது. படலம் கெட்டால் விரியச் சொன்னாலும் தமனி சுருங்கும்.

அப்படியானால் கிருமியைக் கொன்றால் போதுமே? 1988இல் ஹெல்சிங்கியைச் சேர்ந்த பெக்கா சைக்கூவும் சகாக்களும், நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்கு எதிரான அடையாளங்கள் மாரடைப்பு வந்தவர்களிடம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு கொழுப்புப் படிவுக்குள்ளேயே அந்தக் கிருமி தென்பட்டது. மருத்துவ உலகம் உற்சாகமானது. 4,012 இதய நோயாளிகளில் ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை வீதம் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஓராண்டு கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2005இல் வந்த முடிவு: வித்தியாசமே இல்லை. வேறொரு ஆன்டிபயாடிக்கை 4,162 பேரிடம் சோதித்ததும் அதே கதியானது. எனக்கு இதில் வியப்பில்லை. பல பத்தாண்டுகளாகப் பல கிருமிகளும் புகையும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கெடுத்த சுவரை, ஒற்றைக் கிருமியைத் துரத்திச் சரிசெய்துவிட முடியுமா?

இதைவிட எனக்குச் சுவாரசியமானது 2007இல் லண்டனில் நடந்த ஆய்வு. தீவிர ஈறு நோய் உள்ள 120 பேர். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வந்தால் பற்பசையை மாற்றிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியே பாக்டீரியாக்கள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பல் பராமரிப்பு. இன்னொரு பிரிவினருக்கு ஈறுக்கு அடிவரை சுரண்டிச் சுத்தம் செய்யும் தீவிர சிகிச்சை. பிறகு, தொடக்கத்தில் சொன்ன அதே பட்டைச் சோதனை.

மறுநாள் பார்த்தபோது, தீவிர சிகிச்சை பெற்றவர்களின் தமனி முன்னைவிடக் குறைவாகவே விரிந்தது! சுரண்டியதில் கிருமிகள் கலைந்து அழற்சி திடீரென்று எகிறியிருந்தது. ஒரே ஒரு நாள் அழற்சிக்கே தமனி இப்படி வாடுகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் நிலைமை தலைகீழானது. ஆறு மாதத்தில் அவர்களுடைய தமனி மற்றவர்களுடையதைவிட நன்றாக விரிந்தது. இதயத்துக்கென்று ஒரு மாத்திரைகூடத் தரப்படவில்லை. பல் மருத்துவரின் நாற்காலியில்தான் எல்லாம் நடந்தது.

அளந்தது கைத் தமனியைத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் அறிவித்தது. ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை அதுவும் மறுக்கவில்லை.