ஒரு பானை சோறும் ஒரு துளி மச்சையும்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். ஆயின் அகப்பையில் வந்தது சோறன்றிக் கஞ்சியாயின் அப்பதம் பொய்த்துவிடும். குருதிப் புற்றுநோயை அறிதற்குச் செய்யப்படும் என்பு மச்சைப் பரிசோதனையின் நுட்பமும் இவ்வுண்மையிலேயே தங்கியுள்ளது.

குருதிக் கலங்கள் பிறக்குமிடம் என்பின் உள்ளீடாகிய மச்சை. மார்பென்பில் ஊசி செலுத்தி அதனை உறிஞ்சியெடுக்கும் எளிய வழியை 1927ஆம் ஆண்டில் லெனின்கிராட் நகரத்து வைத்தியர் அரின்கின் கைக்கொண்டார். இன்று வளர்ந்தோரிடத்துப் பெரும்பாலும் இடுப்பென்பின் பின்புறத்திலிருந்தே எடுக்கின்றனர்.

இங்கே முதற் பிழை நேரக்கூடியது ஊசியிலேயாம். முதலில் உறிஞ்சப்படும் சிறு அளவே செறிந்த மச்சை. மேலும் மேலும் உறிஞ்சுமிடத்து அருகிலுள்ள நாளங்களின் குருதி வந்து கலந்துவிடும். இதுவே நாம் கூறிய கஞ்சி. ஆதலின் முதல் உறிஞ்சலையே கண்ணாடி வழுக்கியிற் பூசிப் பார்த்தல் வேண்டும். பூச்சிலே மச்சைத் துகள்கள் தென்படுகின்றனவா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் பிழை எண்ணுதலில் நேர்வது. பத்து வினாக்களால் ஒரு மாணவனை மதிப்பிட்டுத் தவறிய ஆசிரியர் பலர். யானும் அவருள் ஒருவன். மச்சையில் முதிராக் கலங்கள் உண்மையில் நூற்றுக்கு 20 எனக் கொள்வோம். நுணுக்குக்காட்டியில் 100 கலங்களை மட்டும் எண்ணினால், தற்செயலினாலேயே விடை ஏறத்தாழ 12 முதல் 28 வரை மாறலாம். 500 கலங்களை எண்ணினாலோ அவ்வேறுபாடு ஏறத்தாழ 16க்கும் 24க்கும் இடையே அடங்கும். நோயறிதற்கு 500 கலங்களை எண்ணுக என 2008ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை விதித்தமைக்குக் காரணம் இதுவே.

இவ்வெண்ணில் என்ன இருக்கிறது எனலாம். கடிய மைலொயிட் லியுக்கேமியா என்னும் நோய்க்கு நூற்றுக்கு 20 என்பதையே உலக சுகாதார நிறுவனம் 2001இல் எல்லையாக வகுத்தது. சில மரபணு மாற்றங்கள் காணப்படுமிடத்து இவ்வெல்லை கட்டாயமன்றாயினும், ஏனையோர்க்கு அது இன்றும் பயன்படுகிறது. கலப்பினால் எண் குறைந்தால் உரிய சிகிச்சை பிந்தும். தவறுதலாகக் கூடினால் வேண்டாத கடுமருந்து உடலை வருத்தும்.

சிகிச்சைக்குப் பின்னரும் இவ்விடர் உண்டு. ஃபுளோ சைற்றோமெற்றி என்னும் முறை பத்தாயிரம் கலங்களுள் ஒளிந்திருக்கும் ஒரு நோய்க்கலத்தையும் கண்டறியவல்லது. அத்துணைக் கூரிய கருவியிடத்தும் குருதி கலந்த மாதிரியைக் கொடுப்பின், நோய் நீங்கிற்று என்ற பொய்யான ஆறுதலே கிட்டும்.

சிலரிடத்து ஊசியில் ஒன்றுமே வாராது. அப்பொழுது என்பின் சிறு துண்டொன்றை அகழ்ந்தெடுப்பர். அது 2 சதமமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. அத்துண்டை வழுக்கியில் மெல்ல ஒற்றியெடுத்தால் கலங்களின் வடிவத்தையும் காணலாம்.

நேயர்களே, மாதிரி போதவில்லை, மறுமுறை எடுக்கவேண்டும் என வைத்தியர் கூறுவாராயின், வலியை நினைந்து மனஞ்சோர்தல் இயல்பே. ஆயினும் அது அவர்தம் கவனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். ஐயத்தோடு கூடிய விடையை உண்மையென நம்பி வாழ்வதிலும், இன்னொரு முறை சிறு வலியைப் பொறுத்தல் மேலன்றோ?