பின்னிரவு இருமல்

பகலெல்லாம் தெருவில் ஓடியாடிய குழந்தை, பின்னிரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து இருமி, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற ஓசையோடு மூச்சுவிடப் பிரயாசைப்படுவதைக் கண்டு கலங்கிய தாய், விடிந்ததும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே அது யாதொரு உபாதையும் அறியாததுபோல் சிரித்துக்கொண்டு நிற்பதும், ஸ்டெதாஸ்கோப்பில் மார்பு தெளிவாகவே ஒலிப்பதும் ஆஸ்துமாவில் சர்வசாதாரணம். வந்து வந்து மறைவதே இந்நோயின் லக்ஷணம்.

சுவாசக் குழல்களின் உட்சவ்வு நாட்பட அழன்று வீங்கியிருக்க, தூசியோ புகையோ ஜலதோஷமோ தீண்டிய மாத்திரத்தில் சுற்றியுள்ள தசைகள் இறுகி, சளியும் சேர்ந்து வழியை அடைப்பதே ஆஸ்துமாவின் இரைப்பு. குழலின் விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை ஏறக்குறைய 16 மடங்காகிறது என்ற பௌதிக விதியை நினைத்தால், இயல்பிலேயே குறுகிய குழல்களையுடைய சிசு ஏன் அவ்வளவு தவிக்கிறது என்பது விளங்கும்.

ஐந்து பிராயம் கடந்த குழந்தையை ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளக்கும் கருவியில் ஊதச் செய்து, குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்க வைத்து மறுபடியும் ஊதச் செய்கையில், முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவிகிதத்துக்கு மேல் கூடுமானால் அது ஆஸ்துமாவுக்கு வலுவான அத்தாட்சி. அதனினும் சிறிய குழந்தைக்கு அக்கருவி பெரும்பாலும் உதவாது. ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ தனித்து நின்று ஆஸ்துமாவை நிர்ணயிப்பதும் இல்லை. ஆகவே இருமல் எந்த ஜாமத்தில் வருகிறது, ஓடினாலும் சிரித்தாலும் அழுதாலும் வருகிறதா, ஜலதோஷம் நீங்கிய பின்னும் வாரக்கணக்கில் நீடிக்கிறதா, குடும்பத்தில் யாருக்கேனும் இரைப்போ, குழந்தைக்குக் கரப்பானோ உண்டா என்று தாய் கவனித்துச் சொல்வதே வைத்தியருக்குப் பிரதான ஆதாரம். அந்த இரவு மூச்சைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோகும் தாயை நான் மனமாரப் போற்றுகிறேன். இரைப்பெல்லாம் ஆஸ்துமாவாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும்: கைக்குழந்தைக்கு வைரஸ் கிருமியாலும் அது வரலாம், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று வந்தால் வேர்க்கடலை ஒன்று மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம், விடாத ஜுரமும் மெலிவும் சேர்ந்தால் க்ஷயத்தை ஆராய்ந்தே தீரவேண்டும்.

இன்ஹேலர் என்றதும் 'பழகிவிடுமே' என்று பெரியவர்கள் அஞ்சுவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து மாத்திரையில் 2 மில்லிகிராம் உடலெங்கும் பரவ, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வரும் 100 மைக்ரோகிராமோ, அதாவது இருபதில் ஒரு பங்கோ, வேண்டிய இடத்துக்கே நேரே போய்ச் சேருகிறது. சிறு குழந்தைக்கு ஸ்பேசர் என்னும் குடுவையும் முகமூடியும் அவசியம்.

கடுமையாக இரைத்துக்கொண்டிருந்த குழந்தையின் சீழ்க்கையொலி திடீரென்று அடங்கி, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்க, பேசமுடியாமல் சோர்ந்தால், நோய் தணிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. ஒலி எழுப்பக்கூடக் காற்று ஓடவில்லை என்பதே அந்த மௌனத்தின் பொருள். அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும்.