இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்

மலைநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் டீசலுக்கு ஒரு வரி, டயருக்கு ஒரு வரி, சாரதி சம்பளத்துக்கு ஒரு வரி இருக்கும். பிரேக்குக்கு மட்டும் தனி வரி இருப்பதில்லை. "கராஜ் செலவு" என்ற பெரிய பொட்டணத்துக்குள் அதுவும் போய்விடும். ஆனால் இறக்கத்தில் நமது சரக்கையும் சாரதியின் உயிரையும் பிடித்து வைத்திருப்பது அந்தக் கணக்கில் வராத சாமான்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை, நம்மில் அநேகர் இருந்த வாகனத்தையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். என்னிடமுள்ள பழைய இஸுஸு சிங்கிள் கெப் வண்டியும் அப்படித் தங்கிய ஒன்று. புறக்கோட்டையிலிருந்து பண்டாரவளை, வெலிமடைக் கடைகளுக்குப் பிளாஸ்டிக், அலுமினியச் சாமான்கள் போகும். திரும்பும்போது உருளைக்கிழங்கு வரும். அதாவது ஏற்றத்தில் பாரம் குறைவு, இறக்கத்தில்தான் அதிகம்.

ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேல். பெரகலை, ஹல்துமுல்லை வழியாகப் பெலிஹுல்ஓயாவுக்கு வரும்போது ஏறத்தாழ 600 மீற்றர். மூன்று தொன் எடையை 800 மீற்றர் கீழே இறக்கும்போது பிறக்கும் சூடு எவ்வளவு தெரியுமா? நமது கிணற்றுத் தண்ணீர் 80 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இஞ்சின் வாங்காவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். பிரேக் எண்ணெய்க்கும் எல்லை உண்டு. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் இந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதற்குத்தான் ஜப்பான்காரன் எல்ஃப், கென்டர் லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக் வைத்து அனுப்புகிறான். புகைக் குழாய்க்குள் வட்டமான ஒரு தகட்டுக் கதவு, அவ்வளவுதான். கதவு மூடினால் புகை வெளியேற வழியின்றி இஞ்சினுக்குள்ளேயே அழுத்தம் ஏறும். பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் சில்லுகளின் வேகம் குறையும். டீசல் இஞ்சின் காலை எடுத்தாலும் காற்றை நிறைய உள்ளே இழுக்கும். அதனால் இது டீசலில் நன்றாக வேலை செய்கிறது. சிறிய கெப் வண்டிகளில் இதைப் பெரும்பாலும் வைப்பதில்லை.

எனது வண்டியின் 4 ஜே.பி. 1 இஞ்சினே சில எல்ஃப் லொறிகளிலும் இருப்பதால், கழித்த லொறியொன்றின் தகட்டுக் கதவு, வெக்யூம் சிலிண்டர், மெக்னெட் வால்வு, சுவிட்சுகள் அனைத்தையும் பஞ்சிகாவத்தையில் ஒரே கட்டாக வாங்கினேன். விலையை எழுதினால் பத்திரிகை உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும். வேறு இஞ்சினின் கதவை மலிவென்று வாங்காதீர்கள். தகட்டில் ஒரு சிறு துளை இருக்கும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சாமல் இருக்க அந்த இஞ்சினுக்கென்று கணக்கிட்டு வைத்தது அது. "இன்னும் நல்லாப் பிடிக்கும்" என்று அதை வெல்டிங் பண்ணி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸோஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கை மீறி அழுத்தம் வால்வைத் திறந்துவிட்டால், மிச்சம் பிடித்த லைனிங் காசைப் போல் பல மடங்கு இஞ்சினுக்குப் போகும்.

பூட்டுவதற்கு முதலில் ஒரு கராஜுக்குத்தான் போனேன். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெக்யூம் குழாயை வெட்டி, பூஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு டீ போட்டு, அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மருமகனையும் சேர்த்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே பூட்டினோம். காரணத்தைச் சொல்கிறேன். பூஸ்டருக்கு முன்னால் ஒரு ஒருவழி வால்வு உண்டு. அதற்கும் பூஸ்டருக்கும் இடையில் டீ போட்டால், எக்ஸோஸ்ட் பிரேக்கின் குழாய் சூட்டில் வெடித்தவுடன் பூஸ்டரும் காலியாகிவிடும். இறக்கத்தின் நடுவில் கால் பிரேக் கல்லைப்போல் இறுகும். டைனமோவின் பின்னாலிருக்கும் வெக்யூம் பம்புக்கும் அந்த ஒருவழி வால்வுக்கும் இடையில் டீ போட்டால், குழாய் வெடித்தாலும் பூஸ்டருக்குள் சேமித்திருப்பது ஓரிரு முறை பிரேக் பிடிக்கப் போதும். வண்டியை ஓரமாக்கலாம். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான், வித்தியாசம் ஒரு சாண் தூரம்.

வெல்டிங் மட்டும் வெளியாளிடம் கொடுத்தோம். பெற்றரி வயரைக் கழற்றி, முன் குழாயைக் கழற்றியெடுத்து, சைலன்சருக்கு முன்னால் நேராக உள்ள துண்டை வெட்டி, கதவுக்குப் பொருந்தும் வளையங்களை ஒட்டுவித்தோம். டர்போ உள்ள வண்டியென்றால் கதவு டர்போவுக்குப் பிறகுதான் வரவேண்டும். வார்ப்பிரும்பு பாரமானது. தாங்கி வைக்காவிட்டால் குழாய் வெடிக்கும். பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் எதுவும் பக்கத்தில் படக்கூடாது.

வயர் வேலையில் அவசரப்படாதீர்கள். பியூஸ், டேஷ்போர்ட் சுவிட்ச், கிளச் சுவிட்ச், எக்ஸலேட்டர் சுவிட்ச், மெக்னெட் வால்வு என்று எல்லாம் ஒரே வரிசையில் வரவேண்டும். ஒன்று விலகினாலும் மின்சாரம் நின்று கதவு திறந்துகொள்ள வேண்டும். எக்ஸலேட்டர் சுவிட்ச் இல்லாவிட்டால் மூடிய குழாய்க்குள் டீசல் எரிந்து கறுப்புப் புகையும் சூடும் ஏறும். கிளச் சுவிட்ச் இல்லாவிட்டால் கிளச்சை மிதித்ததும் இஞ்சின் நின்றுவிடலாம். இஞ்சின் நின்றால் வெக்யூம் பம்பும் நிற்கும், பவர் ஸ்டேரிங்கும் நிற்கும். வளைவில் இது நடந்தால் என்னவாகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பூட்டியபின் சமதரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஓடும்போதே எக்ஸோஸ்ட் பிரேக்கின் வெக்யூம் குழாயைக் கழற்றி, கால் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். முதல் மிதிப்பு வழமைபோல் இலகுவாக இருக்க வேண்டும். இறுகினால் டீ தவறான இடத்தில் இருக்கிறது.

நமது சாரதித் தம்பிக்கு வேறொரு பழக்கம் இருந்தது. "ஏன் நானா, நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?" என்பார். "இல்ல தம்பி, கியர்ல இருந்து காலை எடுத்தா பம்ப் டீசலையே நிறுத்திடும். நியூட்ரல்லதான் இஞ்சின் ஓடுறதுக்கு டீசல் குடிக்கும்" என்று விளக்கினேன். எக்ஸோஸ்ட் பிரேக் நியூட்ரலில் வேலையும் செய்யாது. ஏறிய கியரிலேயே இறங்கினால்தான் அதன் பிடி தெரியும்.

பிடி எல்லாம் பின் சில்லுகளுக்குத்தான். மழையில் வெறும் வண்டியாக வந்தால் பின்புறம் வழுக்கும், அப்போது சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பின் பிரேக் விளக்கும் இதற்கு எரியாது. பின்னால் நெருங்கி வரும் பஸ்ஸுக்கு நாம் வேகம் குறைப்பது தெரியவேண்டுமானால் காலைப் பெடலில் மெதுவாக வைக்க வேண்டும்.

புதிய கொமன் ரெயில் வண்டிகளில், அதிலும் புகை வடிகட்டி உள்ளவற்றில், இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மற்றவர்கள் பூட்டுமுன் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பதிலை வாகனக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் அச்சில் கரி பிடித்தால் அது பாதியில் சிக்கும், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. மாதம் ஒருமுறை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். நாம் அதை எண்ணெய் மாற்றும் நாளோடு சேர்த்துக்கொண்டோம்.